கீழ்க்குரல்

சியாத்துரா மருத்துவமனையில் ஸ்கேன் கருவி ஒன்றுதான்.
அறுவை அரங்கிலிருந்து கடன் வாங்கி,
உடைந்த சக்கரத்தை உதைத்து உதைத்து
இரவு இரண்டரைக்கு மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்தோம்.
வயருக்கு நாலு இடத்தில் பிளாஸ்திரி.

நுக்ஸார். மாங்கனீஸ் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம்.
ரோப்கார் நின்றுபோன பிறகு
மலைக் குடியிருப்பிலிருந்து தோளில் தூக்கி வந்திருந்தார்கள்.
பித்தப்பை அழுகி இரத்தமெல்லாம் நஞ்சு.
அழுத்தம் எழுபதைத் தொட்டுத் தொட்டு விழுகிறது.
கைகளில் ஏழு இடம் குத்தியாயிற்று.
இனிக் கழுத்துதான்.

நீலத் துணி முகத்தை மூடியதும்
அடியிலிருந்து கேட்டார்:
“டாக்டர், விளக்கு இருக்கா,
இல்லை தடவித்தான் தோண்டப் போறீங்களா?”

தடவித் தோண்டிய காலம் எனக்கும் உண்டு.
இடது விரல் தமனித் துடிப்பின் மேல்,
ஊசி அதற்கு வெளிப்புறம்,
மிச்சம் குருட்டாம்போக்கு.
ஒருமுறை சிரிஞ்சு தானாகவே பின்வாங்கி நிறைந்தது,
செக்கச்செவேலென்று, துடித்துத் துடித்து.
அவள் பெயர் குல்னாஸி.
இருபது நிமிடம் அழுத்திப் பிடித்தேன். பிழைத்தாள்.
கழுத்தில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு வீக்கத்தோடு
கடைவீதியில் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.
என் கை அதை இன்னும் மறக்கவில்லை.

ஜெல், உறை, மறுபடி ஜெல்.
சாம்பல் தசைக்குள் இரண்டு கறுப்பு வட்டங்கள்.
கோலை இலேசாக அழுத்தினேன்.
ஒன்று அசையவில்லை, துடித்தபடியே முறைத்தது: தமனி.
மற்றது இமைபோல மூடிக்கொண்டது: சிரை.
விட்டுக்கொடுப்பதுதான் எனக்கு வேண்டியது.
ஆனால் இது அழுத்தாமலே மூடுகிறது,
ஒவ்வொரு மூச்சுக்கும் கீற்றாகி மறைகிறது.

தலைமாட்டைத் தாழ்த்தச் சொன்னேன். போதவில்லை.
“நுக்ஸார், வாயை மூடிக்கொண்டு பாடுங்கள்.
‘ம்’ என்று. எந்தப் பாட்டானாலும் சரி.”

ஜார்ஜியப் பாட்டுக்கு மூன்று குரல் வேண்டும்.
அவர் எடுத்தது அடியில் கிடக்கும் குரல்,
மெட்டென்று எதுவும் இல்லாதது,
மற்ற இருவர் ஏறி நடக்கத் தரை போட்டுத் தருவது.
அந்த ஒற்றை ஒலி
கோல் வழியே என் மணிக்கட்டுக்கு வந்தது.
திரையில் படம் சிலிர்த்தது.
சிரை திறந்தது,
முட்டையாக, பிறகு முழு வட்டமாக.

ஊசி. ஒரு வெள்ளைப் புள்ளி.
அதை நம்பக் கூடாது.
ஊசியின் நடுத்தண்டும் திரையில் புள்ளிதான்;
முனை எங்கோ ஆழத்தில்
நுரையீரலின் உச்சியைத் தேடிக்கொண்டிருக்கலாம்.
பார்வை கிடைத்த பின் வருகிற குருட்டுத்தனம் இது,
பழையதைவிடக் கெட்டி.
அதனால் புள்ளி மறையும்வரை கோலை நகர்த்தி,
ஒரு நெல்லளவு ஊசியைச் செலுத்தி,
அது தோன்றக் காத்திருந்து, மறுபடி.
அவருக்கு மூச்சு தீர்ந்தால் பாட்டு அறும்,
சிரை மூடும், நான் நிற்பேன்.
அவர் தொடங்க, நானும்.

மேல்சுவர் குழிந்தது. குழிந்துகொண்டே போய்ச்
சட்டென்று விட்டது.
கறுப்புக்குள் புள்ளி.
சிரிஞ்சில் இரத்தம், கருஞ்சிவப்பு, அவசரமில்லாதது.

கம்பியை உள்ளே விட்டேன். பிடியை விடவில்லை.
கோலை நெடுக்காகத் திருப்பிப் பார்த்தேன்:
சிரைக்குள் கிடக்கிறது வெள்ளிக்கோடு.
அதன் பிறகுதான் விரிப்பான். அதன் பிறகுதான் குழாய்.
பதினைந்து சென்டிமீட்டர்.
வெளியே எடுத்த கம்பியை நர்ஸ் த்ஸியாலாவிடம் காட்டினேன்.
“முழுசா வந்தது” என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லவில்லை.
முகக்கவசத்துக்குள் மேல்குரலைப் பிடித்திருந்தாள்,
எப்போதிலிருந்தோ.
இரண்டாம் முறை கேட்டதும்
“பார்த்தேன், பார்த்தேன்” என்றாள் எரிச்சலாக.

நடுக்குரலுக்கு ஆளில்லை. எனக்குப் பாட வராது.

துணியை விலக்கியபோது அவர் கேட்டார்:
“உள்ளே என்ன தெரிஞ்சது?”
“இருட்டு.”
தலையசைத்தார், நல்ல தாது கண்டவர் போல.

மருந்து ஓடத் தொடங்கியது. எண்பத்திரண்டு. எண்பத்தாறு.
கீழே அரங்கிலிருந்து போன்: கருவி உடனே வேண்டுமாம்.
சக்கரத்தை உதைத்தேன்.